லேப்பில் 29 நாள் கிடந்த காகிதம்: ஒரு பித்தப்பைப் புற்றுநோய் நிகழ்வு

போன வருடம் ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த அம்மா என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வயது 56. மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். முப்பது வருடத்துக்கு மேலாகத் தீவுப் பக்கம் படகில் போய், கடலில் இறங்கிப் பாசி எடுப்பவர். பத்து விரலிலும் பாறை கிழித்த பழைய தழும்புகள். கூட வந்த மகன் மஞ்சப் பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து வைத்தார். ஒன்று சின்ன பிளாஸ்டிக் டப்பா, உள்ளே பித்தப்பையிலிருந்து எடுத்த கற்கள், மிளகு அளவில் 17. இன்னொன்று நாலாக மடித்த ஒரு காகிதம்.

டப்பா வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. நலம் விசாரிக்க வந்த அத்தனை பேரும் அதைக் குலுக்கிப் பார்த்திருக்கிறார்கள். காகிதத்தை மட்டும் 29 நாள் யாருமே பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தில்தான் புற்றுநோய் என்று எழுதியிருந்தது.

நான் வயிற்று அறுவை சிகிச்சை செய்பவன். வேலை மதுரையில், பிறந்து வளர்ந்தது ராமநாதபுரம் கரையில். இந்த நிகழ்வை முழுசாக எழுத அந்த அம்மாவிடமும் மகனிடமும் கேட்டேன், எழுதுங்கள் என்றார்கள். பெயரும் ஊரும் வேண்டாம் என்பது என் முடிவு.

கதை இரண்டு வருடம் முன்னால் தொடங்குகிறது. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தால் மேல் வயிறு பிசையும், வலது தோள்பட்டை வரை இழுக்கும், ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். "வாயுதானேய்யா, வேற என்ன" என்று ஓமத் தண்ணி, பூண்டு, மெடிக்கலில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை என்று ஓட்டியிருக்கிறார். பாசிக்குப் போகும் நாட்களில் விடியுமுன் கிளம்பி மத்தியானம் வரை தண்ணீருக்குள் நிற்க வேண்டும், சாப்பாட்டு நேரமே தாறுமாறு, அதனால் வாயு என்ற விளக்கம் அவருக்கு மட்டுமில்லை, வீட்டில் எல்லோருக்குமே சரியாகத்தான் பட்டிருக்கிறது. பிப்ரவரியில் ஒரு நாள் வலி விடவே இல்லை, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் பல கற்கள், சுவர் 6 மில்லிமீட்டர் தடிப்பு. சாதாரணமாக 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. கல்லும் வீக்கமும் சேர்ந்தால் சுவர் தடிப்பது வழக்கம்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் இன்னொரு வரியும் இருந்தது: தடிப்பு பையின் அடிப்பகுதியில் ஒரு பக்கமாக அதிகம். வீக்கத்தால் வரும் தடிப்பு பெரும்பாலும் பை முழுக்க ஒரே மாதிரி இருக்கும். ஓரிடத்தில் மட்டும் கோணலாகத் தடித்திருந்தால் அறுவைக்கு முன்னாலேயே ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

பிப்ரவரி 20 அன்று லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். எடுத்த பையை பார்மலின் ஊற்றிய பாட்டிலில் போட்டு மகன் கையில் கொடுத்து, "லேப்ல குடுத்துருங்க" என்றிருக்கிறார்கள். அவரும் கொடுத்தார், ரசீதும் வாங்கினார். பத்து நாள் கழித்து வந்து ரிப்போர்ட் வாங்கிக்கொள்ளச் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது, ஆனால் அது பணம் கட்டியதற்கான ஏதோ ஒரு தாள் என்று நினைத்துவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் சதைப் பரிசோதனை ரிப்போர்ட் வர வேண்டியிருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. தையல் பிரிக்கப் போன அன்றும் யாரும் கேட்கவில்லை. மார்ச் 3 அன்று ரிப்போர்ட் தயார். ஏப்ரல் 1 வரை அது லேப்பில் ஒரு மேசை இழுப்பறையில் கிடந்தது.

அதை வெளியே கொண்டு வந்தது டாக்டர் யாருமில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் ஒரு தன்னார்வலர் பெண். அதே ஊர்க்காரர், அந்த அம்மாவை சித்தி என்று கூப்பிடுகிறவர். பிரஷர் பார்க்க வந்தவர், ஆபரேஷன் ஆன பிறகு மாத்திரை ஏதும் மாற்றினார்களா என்று ஃபைலைப் புரட்டியிருக்கிறார், லேப் ரசீது கண்ணில் பட்டிருக்கிறது. "இதுக்கு ரிசல்ட்டு எங்க சித்தி?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வி இல்லையென்றால் இந்த அம்மா இன்னும் எட்டு, பத்து மாதம் கழித்து என்னிடம் வந்திருப்பார், வேறு நிலையில். அப்படி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான். அடினோகார்சினோமா, அதாவது சுரப்பித் திசுவில் தொடங்கும் புற்று, நடுத்தர வகை. பித்தப்பைச் சுவரின் தசை அடுக்கைத் தாண்டி, அதற்கு வெளியே உள்ள இணைப்புத் திசுவுக்குள் போயிருக்கிறது. ஈரல் ஒட்டிய பக்கம். பித்தப்பைக் குழாயின் வெட்டு விளிம்பு சுத்தம். நிலை டி2பி.

இந்த டி எண்ணைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், சிகிச்சை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. புற்று உள்பூச்சோடு நின்றால் டி1ஏ. தசைக்குள் போனால் டி1பி. தசையைத் தாண்டினால் டி2. அதிலும் வயிற்று அறைப் பக்கம் என்றால் டி2ஏ, ஈரல் பக்கம் என்றால் டி2பி. பையின் வெளிச்சவ்வைத் துளைத்தாலோ ஈரலுக்குள் அல்லது பக்கத்து உறுப்பு ஒன்றுக்குள் நேராக ஊடுருவினாலோ டி3. பெரிய ரத்தக்குழாய்களைப் பிடித்தாலோ, ஈரல் தவிர இரண்டு பக்கத்து உறுப்புகளுக்குப் போனாலோ டி4. டி1ஏ என்றால் பித்தப்பையை முழுசாக எடுத்ததே போதும், மறுபடி வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. டி1பி முதல், உடம்பு தாங்கும், வேறெங்கும் பரவவில்லை என்றால் இரண்டாவது அறுவை வேண்டும்.

ஏன் வேண்டும்? பையைத்தான் எடுத்தாகிவிட்டதே, விளிம்பும் சுத்தம் என்று போட்டிருக்கிறதே? மகன் முதலில் கேட்டது இதைத்தான், நியாயமான கேள்வி. நான் அவருக்கு நுங்கை வைத்துச் சொன்னேன். பனங்காய்க் குழிக்குள் நுங்கு உட்கார்ந்திருப்பது மாதிரிதான் ஈரலின் அடிப்பக்கக் குழியில் பித்தப்பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரலை விட்டு நுங்கைத் தோண்டினால் வழுவழுவென்று வந்துவிடும், ஆனால் மெல்லிய தோல் கொஞ்சம் குழியிலேயே ஒட்டி நிற்கும். கல்லுக்காகப் பையை எடுக்கும்போது நாங்களும் அந்த மெல்லிய திசு அடுக்குக்குள்தான் பிரித்து எடுக்கிறோம். ரத்தம் வராது, சுலபம், கல்லுக்கு அதுவே சரியான முறை. டி2 புற்று இருக்கும் இடமும் அதே அடுக்குதான். அதனால் பை வெளியே வந்தாலும் நோயின் ஒரு பகுதி ஈரல் பக்கம் தங்கியிருக்கலாம். ஈரல் பக்கம் பித்தப்பைக்கு வெளிச்சவ்வும் கிடையாது, குடலில் இருப்பது போல உள்பூச்சுக்குக் கீழே தனி அடுக்கும் கிடையாது. சுவர் மெலிசு, தடுப்பு குறைவு. இந்த நோய் இவ்வளவு வேகமாகப் பரவுவதற்கு இந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம். அப்புறம் நிணநீர் முடிச்சுகள். டி2 நிலையில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அங்கே நோய் போயிருக்கும், கல் அறுவையில் அவற்றைத் தொடுவதே இல்லை.

முதல் அறுவை செய்த டாக்டரிடம் போனில் பேசினேன். மறைக்காமல் சொன்னார். பையைப் பிரிக்கும்போது ஓரிடத்தில் கிழிந்தது, கொஞ்சம் பித்தம் சிந்தியது, கழுவி எடுத்தோம், பையை உறைக்குள் போட்டுத்தான் வெளியே எடுத்தோம் என்றார். சிந்திய பித்தத்தில் புற்று அணுக்கள் இருந்தால், வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் வயிற்று உறையில் விதை தூவிய மாதிரி, எனவே எனக்கு அந்தத் தகவல் ரொம்ப முக்கியம். ரிப்போர்ட் வாங்கவில்லை என்று கேட்டதும் அவர் குரல் உடைந்துவிட்டது. இப்போது அங்கே அனுப்பிய ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு நோட்டில் பதிவு, ரிப்போர்ட் வந்து டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வரி அடிக்கப்படும். அவரே சொன்னார்.

எங்கள் பக்கம் செய்தது: எடுத்த திசுவைப் பதித்து வைத்திருந்த பழைய மெழுகுக் கட்டிகளை வாங்கி எங்கள் நோயியல் மருத்துவர் மறுபடி பார்த்தார், டி2பி உறுதி. வயிறு, நெஞ்சு சி.டி. எடுத்தோம். ஈரல் குழியில் லேசான தடிப்பு, அது முதல் அறுவையின் தழும்பா மிச்ச நோயா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பெரிய முடிச்சு எதுவும் இல்லை. ரத்தத்தில் சி.ஏ. 19-9 என்ற புற்றுக் குறியீட்டின் அளவு 21, அதாவது இயல்பு. மஞ்சள் காமாலை இல்லை. ஹீமோகுளோபின் 9.4, அதற்கு இரும்புச் சத்து ஊசி. முதல் அறுவைக்கும் இரண்டாவதுக்கும் இடையே 4 முதல் 8 வாரம் என்பது நல்ல இடைவெளி என்று இப்போது கருதப்படுகிறது. ரொம்ப அவசரப்பட்டால் புண் ஆறாத வீக்கத்தில் எது நோய் எது காயம் என்று தெரியாது, தாமதித்தால் நோய் முந்திக்கொள்ளும். எங்களிடம் மீதி இருந்தது இரண்டு வாரம்.

அந்த இரண்டு வாரத்தில் பாதி, குடும்பத்தைச் சம்மதிக்க வைப்பதில் போனது. "கத்தி வச்சா பரவிரும்னு சொல்றாங்களே சார்?" ஊரில் பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார், அவருக்குத் தெரிந்த ஒருவர் வயிற்றைத் திறந்து மூடிய மூன்று மாதத்தில் போய்விட்டாராம். இதை நான் சிரித்துத் தள்ளுவதில்லை, அந்தப் பெரியவர் பார்த்தது உண்மைதான். திறந்து பார்த்துவிட்டு எதுவும் செய்ய முடியாமல் மூடியிருப்பார்கள், அதாவது கத்தி படும் முன்பே நோய் பரவியிருந்தது. கத்தியால் பரவவில்லை. அதே சமயம் புற்று என்று தெரியாமல் பை கிழிந்து பித்தம் சிந்தினால் பரவும் அபாயம் கூடும் என்பதையும் நான் ஒளிக்கவில்லை, சொன்னேன். அதனால்தான் இந்த முறை முதலில் சின்னத் துளை போட்டு உள்ளே பார்ப்போம், பரவியிருந்தால் பெரிய அறுவையே செய்ய மாட்டோம் என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மா தலையாட்டினார். செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது.

ஏப்ரல் 17. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள். மகன் விசைப்படகுத் தொழிலாளி, தடை 61 நாள், கையில் காசில்லை, ஆனால் பக்கத்தில் இருக்க ஆள் இருந்தது. தடைக்காலத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

துளை வழியாகப் பார்த்ததில் வயிற்று உறை சுத்தம், ஈரல் மேற்பரப்பு சுத்தம். வலது விலா எலும்புக்குக் கீழே திறந்தோம். முதல் வேலை பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டுக்கும் நடுவில் உள்ள முடிச்சை எடுத்து ஃப்ரோசன் செக்ஷனுக்கு அனுப்புவது. அறுவை அரங்கில் நாங்கள் காத்திருக்கும்போதே திசுவை உறைய வைத்துச் சீவிப் பார்த்துச் சொல்லும் பரிசோதனை. அங்கே நோய் இருந்தால் அது எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம், பெரிய அறுவையால் பலன் இராது. இல்லை என்று வந்தது. அடுத்து பித்தப்பைக் குழாயின் மிச்சத் துண்டு. பழைய டைட்டானியம் கிளிப்போடு அதை வெட்டி அனுப்பினோம். அதில் நோய் இருந்தால் பொதுப் பித்தக்குழாயையும் எடுத்துவிட்டு, சிறுகுடலை இழுத்து ஈரல் குழாயோடு தைக்க வேண்டியிருக்கும். அதுவும் சுத்தம், பித்தக்குழாய் தப்பியது.

அதன் பிறகு ஈரல். பித்தப்பை உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி 4பி, 5 என்ற இரண்டு பகுதிகள். ஈரலுக்குள் போகும் ரத்தத்தை 15 நிமிடம் நிறுத்துவது, 5 நிமிடம் விடுவது, மறுபடி நிறுத்துவது. கிளாஸ்கோவில் இருந்த பிரிங்கிள் என்ற சர்ஜன் 1908-ல் எழுதிய வழி, இன்றும் அதேதான். மூன்று சுற்று ஆனது. பழைய தழும்பு டுவடினத்தோடு, அதாவது இரைப்பைக்கு அடுத்த குடலோடு, ஒட்டியிருந்தது. அதைப் பிரிக்கவே முக்கால் மணி நேரம். கடைசியாக ஈரலின் வாசலில் பித்தக்குழாய், ஈரல் தமனி, போர்ட்டல் சிரை மூன்றையும் எலும்பு தெரியச் சதையைச் சுரண்டுவது மாதிரி சுத்தம் செய்து, சுற்றியுள்ள கொழுப்பையும் முடிச்சுகளையும் ஒட்டுமொத்தமாக எடுப்பது. என் கணக்கில் இந்த அறுவையில் பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இதுதான், ஈரலை வெட்டுவது இல்லை. நிலையைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது 6 முடிச்சு வேண்டும் என்பது இப்போதைய விதி, எங்களுக்கு 8 கிடைத்தது. முதல் அறுவையின் துளைத் தழும்புகளை வெட்டவில்லை. முன்பு வெட்டுவார்கள், அதனால் ஆயுள் கூடுவதில்லை என்று தெரிந்த பிறகு விட்டாகிவிட்டது. மொத்தம் ஐந்து மணி நேரம், ஒரு யூனிட் ரத்தம்.

மூன்றாம் நாள், வயிற்றுக்குள்ளிருந்து நீர் வடிய வைத்த டிரெயின் பையில் பித்தம் கசிந்தது. ஈரல் வெட்டினால் சில பேருக்கு நடப்பதுதான், ஆனாலும் எனக்குத் தூக்கம் போனது. ஒன்பதாம் நாள் தானாக நின்றது, பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

ரிப்போர்ட்டை நானே லேப்புக்குப் போய் வாங்கினேன். ஈரலில் நோய் இல்லை. எட்டு முடிச்சில் ஒன்றில் இருந்தது. 7 மில்லிமீட்டர் முடிச்சு. சி.டி.யில் எந்தச் சந்தேகமும் எழுப்பாத, கையில் தொட்டாலும் தெரியாத ஒன்று. முடிச்சையும் சேர்த்துக் கணக்கிடும் மொத்த நிலை 3பி ஆகிவிட்டது. முதல் அறுவையோடு விட்டிருந்தால் அந்த முடிச்சு உள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும்.

அதற்குப் பின் மாத்திரை. கேப்சைட்டபின் என்ற கீமோ மாத்திரை, 14 நாள் சாப்பிட்டு 7 நாள் இடைவெளி, மொத்தம் எட்டு சுற்று. பிரிட்டனில் 447 பேரை வைத்துச் செய்து 2019-ல் வெளியான பில்கேப் ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 51 மாதம், எடுக்காதவர்களுக்கு 36 மாதம். கறாரான புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் தேறவில்லை. அந்த 447 பேரில் பித்தப்பை நோயாளிகள் ஒரு சிறு பங்குதான். இருந்தும் இன்று உலகில் பல இடங்களில் இதைத்தான் கொடுக்கிறோம். குடும்பத்திடமும் இப்படியே சொன்னேன்.

கேப்சைட்டபினின் பக்கவிளைவு கையையும் காலையும் பிடிக்கும். உள்ளங்கை சிவந்து, உரிந்து, வெடிக்கும். புத்தகத்தில் ஒரு வரி. பாசி எடுக்கிறவர்களுக்கு அது அப்படியில்லை. இவர்கள் விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றிக்கொண்டுதான் பாறையில் கை வைப்பார்கள், அப்படியும் கிழியும். மூன்றாவது சுற்றில், கரையில் காயப்போட்ட பாசியைப் புரட்டியதற்கே வெடிப்புகளில் உப்பு ஏறி ராத்திரி முழுக்கக் கையை ஊதிக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திவிடுவேன் என்ற பயம். கையைப் பார்த்த பிறகு ஒரு வாரம் நிறுத்தி, நாலாவது சுற்றிலிருந்து அளவைக் குறைத்தோம். தேங்காய் எண்ணெயும் யூரியா கிரீமும் தடவச் சொன்னோம். டிசம்பர் முதல் வாரத்தில் எட்டு சுற்றும் முடிந்தது.

இனி, தாமதமாக வந்த அந்த இன்னொரு வகையைப் பற்றி. சில வருடம் முன் தொண்டிப் பக்கமிருந்து ஒரு பெண்மணி வந்தார். கல்லுக்கு அறுவை ஆகி எட்டு மாதம். பை எந்த லேப்புக்கும் போகவே இல்லை. கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுப்பு. கீழாநெல்லி அரைத்து 40 நாள் குடித்துவிட்டு வந்திருந்தார். அரிப்பும் வெளுத்த மலமும் சேர்ந்த மஞ்சள் காமாலை என்றால் பித்தம் எங்கோ அடைபட்டிருக்கிறது என்று பொருள், அதற்கு ஸ்கேன்தான் வழி, எந்த மூலிகையும் அடைப்பை எடுக்காது. எங்களால் பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழல் ஒன்றை வைத்து அரிப்பைத் தணிக்க மட்டுமே முடிந்தது.

கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளில், உத்தரப் பிரதேசம், பீகார், வங்கம், அசாம் பக்கமெல்லாம், இந்த நோய் மிக அதிகம். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். அங்கே பித்தப்பைச் சுவர் தடிப்பு என்றதுமே டாக்டருக்குப் பொறி தட்டும். தமிழ்நாட்டில் குறைவு, அது நமக்கு நல்லதுதான், ஆனால் குறைவு என்பதாலேயே யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. 1990-ல் மும்பையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை அறுவையைச் செய்தார். இன்று தாலுகா ஊர்களில்கூட அது தினமும் நடக்கிறது. எடுத்த பையை நறுக்கிப் பார்க்கும் வசதி அந்த வேகத்தில் பரவவில்லை. நான் கல்லுக்காக எடுக்கும் ஒவ்வொரு பையையும் அரங்கிலேயே பிளந்து உள்பூச்சை விரலால் தடவிப் பார்க்கிறேன். நல்ல பூச்சு வெல்வெட் துணி மாதிரி இருக்கும், நோய் இருந்தால் ஓரிடத்தில் சொரசொரப்பாக, கெட்டியாகத் தட்டும். அரை நிமிட வேலை. அதற்கப்புறம் பாட்டிலை வார்டு ஆட்கள்தான் லேப்புக்குக் கொண்டு போக வேண்டும், நோயாளியின் வீட்டார் இல்லை. அவர்கள் அன்றைக்கு இருக்கும் பதற்றத்தில் எந்தச் சீட்டு எதற்கு என்று எப்படிப் புரியும்?

கல் இருக்கும் எல்லோரும் பயப்பட வேண்டாம். கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வரவே வராது, வலி தராத கல்லை எடுக்கவும் பொதுவாகத் தேவையில்லை. 3 சென்டிமீட்டரைத் தாண்டிய கல், 1 சென்டிமீட்டரைத் தாண்டிய பாலிப் (உள்பூச்சில் முளைக்கும் சதை வளர்ச்சி), ஓரிடத்தில் மட்டும் தடித்த சுவர், சுண்ணாம்பு படிந்த பை, இவை இருந்தால் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அறுவை ஆகிவிட்டதா, பழைய ஃபைலை எடுத்து அந்த ரிப்போர்ட் உள்ளே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இந்த ஜூனோடு இரண்டாவது அறுவை முடிந்து 14 மாதம். போன வாரம் எடுத்த சி.டி. சுத்தம். இந்த நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில் திரும்பும், அதனால் குணமாகிவிட்டது என்று நான் இன்னும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த ஸ்கேன் செப்டம்பரில். அவர் கேட்டது வேறு. கையை நீட்டிக் காட்டினார், தோல் முழுசாக வளர்ந்திருந்தது. "கடல்ல இறங்கலாமாய்யா?" வயிற்றுத் தழும்பை இருமச் சொல்லி அழுத்திப் பார்த்தேன், உறுதியாக இருந்தது. இறங்கலாம், ஆனால் பாசி மூட்டையைத் தூக்கக் கூடாது என்றேன்.

"மூட்டையை மருமக தூக்கும்" என்று சொல்லிவிட்டு, வெளியே நின்ற மகனைக் கூப்பிட்டு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, தானே ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்.